சறுக்குப் பிரிவுக்காரரின் மகள்

என் கணவர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்கு அப்படித் தோன்றாது. எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். பிறந்து ஒரு மாதம் தாண்டியும் அந்த மனிதர் அவளை ஒரு தடவைகூடக் கையில் எடுக்கவில்லை.

எடுக்கவில்லையே தவிர, மற்றதையெல்லாம் விழுந்து விழுந்து செய்தார். அவள் துணிகளை வெந்நீரில் அலசினார். உள்ளங்கை அகலத் துணிக்கு இரண்டு பக்கமும் இஸ்திரி போட்டார். தொட்டிலருகே காற்று அதிகமா குறைவா என்று விரலை நக்கி உயர்த்திப் பார்த்தார். நக்கிய விரலை உடனே போய் சோப்புப் போட்டுக் கழுவினார். குழந்தை பார்க்க வந்தவர்களை வாசலிலேயே மறித்து முழங்கை வரை கழுவ வைத்தார். கையெழுத்து வாங்க வந்த தபால்காரர்கூடக் கை கழுவிவிட்டுத்தான் போனார். இவ்வளவையும் செய்துவிட்டுத் தொட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார், அருங்காட்சியகத்தில் 'தொடாதீர்கள்' பலகையைப் படித்துவிட்டவர் மாதிரி.

எனக்கு அம்மா இல்லை. பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அப்பாதான். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்குக் கஞ்சி வைப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, தோளில் போட்டு ஏப்பம் வரவழைப்பது எல்லாம் அவருக்கு அத்துப்படி. பேத்திக்குக் 'கண்டக்டர்' என்று பேர் வைத்தார். அவள் ஒரு குரல் கொடுத்தால் வீடே நிற்கிறது, இன்னொரு குரல் கொடுத்தால்தான் கிளம்புகிறது, வேறு என்ன பேர் வைப்பது என்று கேட்டார். மாப்பிள்ளை எதிரில் அவர் வாயைத் திறக்கமாட்டார். சமையலறையில் என்னிடம்தான் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, புள்ளையத் தொட்டா ஷாக் அடிக்கும்னு யாராவது மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டாங்களா?"

நான் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அவர் ஏன் அப்படி இருந்தார் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் பிழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் ஒரே அலுவலகம். மனிதர்கள் எந்தெந்த வயதில் எந்த அளவுக்கு இறக்கிறார்கள் என்று கணக்குப் போட்டு, அதை ஒரு கோடாக வரைந்து, அந்தக் கோட்டுக்கு ஒரு சூத்திரம் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. விசேஷ வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் 'புள்ளிவிவரத் துறை' என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். விவரமாகச் சொன்னால் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும்.

பயந்துவிடாதீர்கள், அது பார்க்க அழகான கோடுதான். இடது ஓரத்தில், பிறந்த அன்று, உயரத்தில் தொடங்கும். அங்கிருந்து சறுக்குமரம் மாதிரி விறுவிறுவென்று இறங்கிப் பத்து வயது வாக்கில் தரையைத் தொடும். மனித வாழ்க்கையிலேயே பத்திரமான வயது அதுதான். அப்புறம் பதினெட்டு, இருபதில் வேகத்தடை மாதிரி ஒரு சின்ன மேடு. பைக், ஆழம் தெரியாத தண்ணீர், கூட்டாளிகள் விடும் சவால் எல்லாம் சேர்ந்த மேடு அது. முப்பதைத் தாண்டினால் ஏற்றம். ஏறக்குறைய எட்டு வருடத்துக்கு ஒரு முறை ஆபத்து இரட்டிப்பாகிக்கொண்டே போகும், யாருக்காகவும் நிற்காது. தொண்ணூறுக்கு மேல் எங்கேயோ ஓரிடத்தில் ஏறிக் களைத்ததுபோல் லேசாகச் சமனாகும். சமனாகிறதா, அல்லது வயதைத் தப்பாகச் சொல்கிறார்களா என்று எங்கள் தொழிலில் பெரிய சண்டையே உண்டு. நான் சமனாகிறது கட்சி.

இவ்வளவு வளைவுக்கும் ஒரே சூத்திரம் சரிப்படாது. அதனால் கோட்டை நான்கு துண்டாக வெட்டி நான்கு பிரிவுகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அறிக்கை வெளியிடும் சமயத்தில் துண்டுகளை ஒட்டுத் தெரியாமல் தைத்துவிடுவோம். பிரிவுகளுக்கு நீளமான அரசாங்கப் பேர் ஏதோ உண்டு, யாருக்கும் ஞாபகமில்லை. எங்களுக்குள் சறுக்கு, மேடு, ஏற்றம், மொட்டைமாடி என்றுதான் பேச்சு.

யார் எந்தத் துண்டில் உட்கார்ந்திருக்கிறார்களோ, அந்தத் துண்டு அவர்கள் தலைக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஏற்றக்காரர்கள் சாப்பாட்டில் உப்பைக் குறைத்துக்கொண்டு மதிய வெயிலில் நடப்பார்கள். எட்டால் வகுபடும் பிறந்தநாள் வந்தால் அன்றைக்கு லீவு போட்டுவிடுவார்கள். மேட்டுப் பிரிவின் தலைவர் காரில் உட்கார்ந்தாலும் ஹெல்மெட்டை மடியில் வைத்திருப்பார். அவருக்குப் பேரே ஹெல்மெட்தான். நான் மொட்டைமாடி. நூறு வயது என்று யாராவது சொன்னால் அது உண்மைதானா என்று வீட்டுக்கே போய்ப் பேசிப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதனால் நாங்கள்தான் அலுவலகத்திலேயே குஷிப் பேர்வழிகள். நூறைத் தாண்டிய ஒருவர், தன் பல் டாக்டர் எழுபது வயதுச் சின்னப்பையன், அனுபவம் போதாது என்று என்னிடம் புகார் சொன்னார். இந்த மாதிரி ஆட்களோடு பழகிவிட்டு எப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்க முடியும்?

என் கணவர் சறுக்கு. அங்கே யாரும் வீட்டுக்கு எல்லாம் போகமாட்டார்கள். காகிதம்தான் வரும். ஒரு குழந்தைக்கு ஒரு காகிதம். வயது எத்தனை மணி நேரம், எத்தனை நாள், என்ன காரணம். அந்த அறையில் சத்தமாகச் சிரிப்பவர்கள் கிடையாது. ஒன்பது வருடமாக அவர் உட்கார்ந்திருந்தது அங்கே.

சறுக்கும் மொட்டைமாடியும் சந்திக்கவே முடியாத பிரிவுகள். கோட்டில் எங்களுக்கு நடுவே ஒரு முழு ஆயுள் கிடக்கிறது. கேண்டீனில்தான் சந்தித்தோம். டீயை ஆற்றி ஆற்றி, அது பச்சைத்தண்ணீர் ஆன பிறகு குடிக்கும் ஒரு மனிதரைப் பார்த்து, இந்த ஆளுக்கு யாராவது துணை இருந்தால் தேவலை என்று நினைத்தேன். அந்த யாராவது நானாகிவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அவருக்குச் சூடாக டீ குடிக்க வந்தது, சத்தம் போட்டுச் சிரிக்க வந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் முழுகாமல் இருப்பது தெரிந்த அன்றே அவர் பேச்சு பாதியாகக் குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றிய உருண்டையை நீட்டியபோது, அவர் கைகள் அரை அடி முன்னால் வந்து, அப்படியே பின்னால் போய்விட்டன. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனார். போனவர் போனவர்தான். அப்பாதான் வாங்கிக்கொண்டார்.

முதல் வாரம் நான் விட்டுப் பிடித்தேன். ஆண்களில் சிலருக்குக் கழுத்து நிற்காத குழந்தையைத் தூக்கப் பயம் இருக்கும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவருடைய சாக்குகள் நாளுக்கு நாள் வளர்ந்தன. லேசாக ஜலதோஷம் மாதிரி இருக்கிறது என்பார். சட்டைப் பொத்தான் அவளைக் கீறிவிடும் என்பார். பொத்தானில்லாத சட்டை எடுத்துக் கொடுத்தேன். இப்போதுதான் தூங்கினாள், எழுப்ப வேண்டாம் என்பார். அவள் கண்ணை விழித்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஹெல்மெட் ஒரு நாள் குழந்தை பார்க்க வந்தார். சொன்னபடி முழங்கை வரை கழுவிக்கொண்டு, ஒரு பெரிய பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தால் மூன்று வயதுக் குழந்தைக்கான ஹெல்மெட். மஞ்சள் நிறம், வாத்துப் படம் போட்டது. தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, என் கணவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, உங்க பகுதி சீக்கிரம் முடிஞ்சிடும், என் பகுதிக்கு வர்றதுக்கு இவளுக்குப் பதினெட்டு வருஷம் இருக்கு, நான் அதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவேன் என்று சொல்லிச் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார். நானும் அப்பாவும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். என் கணவர் அந்தக் குட்டி ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வயது என்பது அவருக்கு வேறொரு தேசம் மாதிரி தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு மத்தியான வேளை. அப்பா காய்கறி வாங்கப் போயிருந்தார். குழந்தை என் மடியில் கிடந்தாள். அவர் வழக்கம்போல் இரண்டடி தள்ளி நின்றார். அவள் அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பல்லில்லாத வாயைத் திறந்து, முகமெல்லாம் கோணிக்கொண்டு சிரித்தாள். தூக்கத்தில் சிரிக்கும் சிரிப்பில்லை அது. ஆளைப் பார்த்து, தெரிந்து, சிரித்த முதல் சிரிப்பு.

என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்து தூக்குங்கள் என்றேன். கை ஈரமாக இருக்கிறது என்றார். துடையுங்கள் என்றேன். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தத் துண்டைப் பிடுங்கி எறிந்தேன்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே," என்றார்.

"எதுக்கு?"

"கோடு இன்னும் கொஞ்சம் எறங்கட்டும்."

நான் அவரை எப்போதும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவேன். கோபம் தலைக்கேறினால் மட்டும் 'நீ' வந்துவிடும். அன்றைக்கு வந்தது.

"கோடா பெத்துச்சு? நான் பெத்தேன். நீ எப்பப் பாரு உயரத்தையே பாக்குற. எறக்கத்தைப் பாரு. நேத்தைவிட இன்னிக்குப் பத்திரம், இன்னிக்கைவிட நாளைக்குப் பத்திரம்னு வேற எந்த வயசுல சொல்ல முடியும்? உனக்கு ஏறுது, எனக்கு ஏறுது, எங்கப்பாவுக்கு ஏறுது. இந்த வீட்டுல கோடு எறங்கிட்டிருக்கிற ஒரே ஆளு இவதான்."

சொல்லி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. இதற்கு மேல் ஒரு மனிதரால் என்ன பதில் சொல்ல முடியும்? அவர் தெரியும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆமாம், தெரியாமல் இருக்குமா? அந்த இறக்கத்துக்குச் சூத்திரம் எழுதியதே அவர்தானே. தெரிந்துமா இப்படி என்று கேட்டேன். அவர் தரையில் உட்கார்ந்தார். நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"எனக்கு இந்த வயசுப் புள்ளைங்கன்னா அந்தக் காகிதம் மட்டும்தான் தெரியும். ஒவ்வொருத்தரும் எப்படிப் போனாங்கன்னு தெரியும். வேற எதுவுமே நான் பாத்ததில்ல. இவளைக் கையில எடுத்தா, என் கை வழியா இவளும் அந்த அடுக்குல போய்ச் சேந்துடுவாளோன்னு இருக்கு. முட்டாள்தனம்னு எனக்கே தெரியுது. ஆனா கை வரமாட்டேங்குது."

கோபம் போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. இப்படியே போனால், இவர் ஒரு தடவைகூட எடுக்காமலேயே இவள் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவாள். அப்பா தூக்கின ஞாபகம் என்று ஒன்று இவளுக்கு இருக்கவே இருக்காது. என் அப்பா காய்கறியோடு வந்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, கண்டக்டரைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

ஒன்றரை மாதத் தடுப்பூசி நாள் வந்தது. மற்றவர்களுக்கு அது அழுகை நாள். என் கணவருக்குப் பண்டிகை மாதிரி. சறுக்குப் பிரிவில் தடுப்பூசியைச் சாமியாகக் கும்பிடுவார்கள். எந்த ஊசி எந்த வருடம் வந்தது, அது வந்ததும் கோடு எவ்வளவு கீழே விழுந்தது என்று அவர் மனப்பாடமாகச் சொல்வார். அன்று காலையில் சீக்கிரமே குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார். அப்பாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. குழந்தையை நான் எடுத்துக்கொண்டேன். பை, தண்ணீர், குடை, மாற்றுத்துணி, அதற்கு மாற்றுத்துணி எல்லாவற்றையும் அவர் தூக்கிக்கொண்டார். குழந்தையைத் தவிர இந்த உலகத்தில் எதை வேண்டுமானாலும் தூக்கத் தயாராக இருந்தார்.

ஊசி போடும் இடம் ஒரு நீள வராந்தா. பாதிச் சுவர் வரைக்கும் பச்சைச் சாயம், இரண்டு பக்கமும் பெஞ்சுகள், கடைசியில் ஒரு மேஜை, அதில் தட்டு வைத்த எடை மெஷின். தலைக்கு மேல் சுற்றிய ஒரே மின்விசிறி யாருக்கும் காற்றுக் கொடுக்கவில்லை. நான் முன்னால் போய் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால் அவர் பக்கத்தில் இல்லை. வாசற்படியிலேயே பையும் குடையுமாக நின்றுகொண்டிருந்தார்.

வராந்தா முழுக்கக் குழந்தைகள். மொட்டைத் தலை, சடை போடும் அளவு முடி, முயல் காது வைத்த தொப்பி, ஒரு காலில் மட்டும் சாக்ஸ். ஒன்று கொட்டாவி விட்டது. ஒன்று டோக்கன் அட்டையைத் தின்றுகொண்டிருந்தது. ஒன்று தன் கட்டை விரலை இப்போதுதான் கண்டுபிடித்ததுபோல் அதையே முறைத்துப் பார்த்தது. ஓர் அம்மா, போன தடவையைவிட எடை குறைவாகக் காட்டுகிறது என்று மெஷினோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மேஜையில் ஒரு குழந்தைக்கு ஊசி ஏறியதும் அது ஊரைக் கூட்டியது. காத்திருந்தவையெல்லாம், என்ன விஷயம் என்றே தெரியாமல், அதற்கு ஆதரவாக அழுதன. நர்ஸ் இதையெல்லாம் காதிலேயே வாங்காமல் அடுத்து, அடுத்து என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் மெதுவாக நடந்து வந்தார். ஒவ்வொரு பெஞ்சாக, ஒவ்வொரு மடியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னைத் தாண்டிப் போனார். நான் உட்கார்ந்திருப்பதே அவர் கண்ணில் படவில்லை.

மேஜைக்குப் பக்கத்தில் இரட்டைக் குழந்தைகளோடு ஒரு பெண் திண்டாடிக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஒன்றுக்கு ஊசி போடக் கூப்பிட்டுவிட்டாள். இன்னொன்றை வைத்துக்கொள்ள ஆளில்லை. நிமிர்ந்து பார்த்தாள். எதிரில் பொத்தானில்லாத சட்டையோடு ஓர் ஆண்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம் இவனைப் புடிங்க," என்று சொல்லி, அவர் பையைக் கீழே போடக்கூட நேரம் கொடுக்காமல், கொழுகொழுவென்று ஒரு பையனை அவர் கையில் வைத்துவிட்டாள்.

குடை விழுந்தது. பை விழுந்தது. பையன் விழவில்லை. கழுத்துக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை, புத்தகத்தில் இருப்பதுபோல் கச்சிதமாக ஏந்திக்கொண்டு அவர் சிலையாக நின்றார். அந்தப் பயல் அவர் மூக்கை எட்டிப் பிடித்தான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. நான் பத்து மாதம் சுமந்து, இராப்பகலாகப் பால் கொடுக்கும் மகளைத் தொடக் கை வராத மனிதர், முன்பின் தெரியாத எவளோ பெற்ற பிள்ளையை வராந்தா நடுவில் வைத்துக்கொண்டு நிற்கிறார். எழுந்துபோய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று காலை ஊன்றினேன். அதற்குள் இரட்டையரின் அம்மா வந்தாள். ஊசி வாங்கிக் கதறிக்கொண்டிருந்தவனை அவரிடம் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டிருந்தவனை வாங்கிக்கொண்டு போனாள். நன்றி என்றெல்லாம் ஒன்றும் இல்லை, ஏதோ கவுண்டரில் பொருள் மாற்றுவதுபோல் மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது அவர் கையில் அழுகிற பிள்ளை. என்ன செய்வாரோ என்று பார்த்தேன். தோளில் சாய்த்துக்கொண்டார். முதுகைத் தட்டினார். தட்டிக்கொண்டே என் பக்கம் வந்து, பெஞ்சில் உட்கார்ந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. உதடு சிரித்துக்கொண்டிருந்தது. நான் வாயில் வைத்திருந்த வசவை அப்படியே விழுங்கினேன்.

"இவங்க யாரும் எங்க பிரிவுக்கு வரவே மாட்டாங்க," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் வராந்தாவைச் சுற்றிக் கண்ணைக் காட்டினார்.

"இத்தனை பேரும் பொழைச்சுக்கிடக்கிறவங்க. இவங்களுக்குக் காகிதம் கிடையாது. போனவங்க மேல, இருக்கிறவங்க கீழன்னு ஒரு பின்னம் போடறோம் இல்ல? மேல இருக்கிற ஒவ்வொருத்தரையும் நான் தனித்தனியாப் படிச்சிருக்கேன். கீழ இருக்கிறவங்க எனக்கு ஒரே ஒரு எண்ணு. பெரிய எண்ணு. வருஷா வருஷம் அதைக் கீழ எழுதி, ஒரு கோடு போட்டு, வகுத்துட்டுப் போயிடுவேன். ஒரு நாளாவது அதைத் திரும்பிப் பாத்ததில்ல. இவ்வளவு சத்தம் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

நானும் அதே தொழில்தான். பின்னத்தின் கீழ்ப்பாதியில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போய் டீ குடித்து, அவர்களிடம் திட்டு வாங்கி, கதை கேட்டு வருவது என் வேலையாக அமைந்துவிட்டது. அந்த அதிர்ஷ்டம் அவருக்கு அமையவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கோடுதான். இத்தனை நாள் நான் அவரோடு கணக்கில் சண்டை போட்டேன். கணக்கில் அவர் ஒரு தப்பும் செய்திருக்கவில்லை.

இரட்டையரின் அம்மா வந்து தன் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அவர் கைகள் காலியாகி மடியில் கிடந்தன. பின்னால் கட்டிக்கொள்ளவில்லை, துடைத்துக்கொள்ளவும் இல்லை. நான் பக்கத்திலேயே குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். இந்தா என்று நீட்டிவிடலாம். நீட்டினால் மறுபடி அந்தக் கை பின்னால் போய்விடுமோ என்று பயம். குழந்தையை என் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரின் பச்சைச் சாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பையன் நல்ல கனம்," என்றார். "இவ எவ்வளவு இருப்பா?"

"எனக்குத் தெரியும். நீங்கதான் தூக்கிப் பாக்கணும்."

அவர் திரும்பினார். இரண்டு கையையும் நீட்டினார். அரை அடி வந்தன, ஆஸ்பத்திரியில் வந்த மாதிரியே. அங்கே நிற்கவில்லை. என் கைக்கு அடியில் நுழைந்தன. நான் என் கைகளை உருவிக்கொண்டேன்.

அவள் விழித்துத்தான் இருந்தாள். புது மடி எப்படி இருக்கிறது என்று ஒரு முறை நெளிந்து பார்த்தாள், வசதியாகத்தான் இருந்தது போலும், அவர் சட்டையை ஒரு பிடி பிடித்துக்கொண்டு அடங்கிவிட்டாள். அவர் கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக அவள் நெற்றியில் விழுந்தது. இஸ்திரி போட்ட துணி பை நிறைய இருந்தும் துடைக்கத் தோன்றவில்லை அவருக்கு. நான்தான் துடைத்தேன், முதலில் அவளுக்கு, பிறகு அவருக்கு. எனக்கு நானே துடைத்துக்கொண்டேன்.

"இவதான் கனம்," என்றார்.

நர்ஸ் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டாள். நான் கை நீட்டினேன். அவர் கொடுக்காமல் எழுந்துபோய், தன் மடியிலேயே வைத்துக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்தார். ஊசியைச் சாமியாகக் கும்பிடுகிற மனிதர் ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் அலறினாள், வராந்தா மொத்தமும் அவளுக்கு ஆதரவாக அலறியது.

"சார், முடிஞ்சிடுச்சு," என்றாள் நர்ஸ். "ஊசி குழந்தைக்குத்தான். நீங்க கண்ணைத் தொறக்கலாம்."

பெஞ்சுகளில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சத்தமாக.

வண்டி பிடிக்கலாம் என்றேன். வேண்டாம், நடந்தே போகலாம் என்றார். வெயில் ஏறியிருந்தது. பை, தண்ணீர், மாற்றுத்துணி, மாற்றுத்துணிக்கு மாற்றுத்துணி எல்லாவற்றையும் நான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவர் குடையைக்கூடக் கையில் வாங்கவில்லை. குடையை அவர்கள் இருவருக்கும் மேலே நான்தான் பிடித்தேன். அவள் காதோரம் குனிந்து, இது மருந்துக்கடை, இது சைக்கிள் கடை, அது நாய், அது கடிக்காது, கடித்தாலும் அதற்கும் ஊசி இருக்கிறது என்று தெருவை அறிமுகம் செய்துகொண்டே போனார். எதிரில் வந்தவர்களுக்கெல்லாம், அவர்கள் கேட்காமலேயே, என் பொண்ணு என்றார். ஒரு முறை அல்ல, தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

எங்கள் தெருமுனை வந்தபோது அவர் தோள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. பழக்கமில்லாத கை.

"கை வலிக்கலையா?" என்று கேட்டேன்.

"ரொம்ப வலிக்குது," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. வீட்டு வாசலைத் தாண்டி அடுத்த தெருவுக்கு நடந்தோம்.